யார் வயிற்றுக்கு யார் வேண்டுதல்

பெரியாச்சி அம்மன் சிலையை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் திகைத்துத்தான் போவார்கள். மடியில் ஒரு பெண் மல்லாந்து கிடக்கிறாள். வயிறு கிழிந்து குடல் வெளியே வந்திருக்கிறது. காலடியில் ஒரு ராஜா மிதிபடுகிறான். உயர்த்திய கையில் பச்சைக் குழந்தை. இவள்தான் சூலிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் காவல் தெய்வம். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் இவளுக்குச் சன்னதி உண்டு. நம் தோட்டத்து மாரியம்மன் கோயில்களை ஒட்டியும் இவளுக்கு இடம் இருப்பதுண்டு. பிள்ளை பிறந்து முப்பது நாள் கழிந்ததும் தாயும் பிள்ளையும் இவள் முன்னால் வந்து நிற்கிறார்கள்.

கதை ஊருக்கு ஊர் மாறும். பிறக்கப்போகிற பிள்ளையின் உடம்பு மண்ணில் பட்டால் கேடு என்று சோதிடம். பிள்ளையைத் தரை படாமல் ஏந்திப் பிடிக்க மருத்துவச்சியாக வருகிறாள் பெரியாச்சி. வேலை முடிந்ததும் ராஜா கூலி தராமல் அவள்மேல் பாய்கிறான். அப்புறம் நடந்ததைத்தான் சிலையில் பார்க்கிறோம். நம் ஆட்கள் இவளைப் பற்றி எழுதும்போது ‘தாய்மையின் வடிவம்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். மடியில் கிடப்பவளும் ஒரு தாய்தானே, அவளை என்ன செய்வது? என் வாசிப்பில் இது பிரசவம் பார்த்த தொழிலாளி கூலிக்கு ஏமாற்றப்பட்ட கதை. கங்காணியையும் கிராணியையும் தாண்டித்தான் சம்பளத்தைக் கண்ணால் பார்க்க முடிந்த சனங்கள் இவளைக் கைவிடாமல் வைத்திருந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இந்தச் சிலையை இப்போது பேசுவதற்குக் காரணம் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு வகை எழுத்து. கருவில் இருக்கும் சிசு அம்மாவுக்குக் கடிதம் எழுதும். ‘என்னைக் கொல்லாதே அம்மா’ என்று கெஞ்சும். கடைசியில் ஒரு பிரார்த்தனை, அதன் கீழே பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லி ஒரு வேண்டுகோள். பெண் சிசுக்கொலையை எதிர்த்துத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் வந்த கவிதைகளின் வாரிசு இது. அவற்றிலாவது மாமியாரும் வரதட்சணையும் இருந்தார்கள். இப்போது எல்லாரும் வெளியேறி, அம்மா மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள். சிசு சரளமாக எழுத்துத் தமிழ் பேசுகிறது. அவளுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. உணர்ச்சி மிகை என்பதால் இதை மோசமான இலக்கியம் என்று நான் சொல்லவில்லை. இருவர் இருக்க வேண்டிய கதையில் ஒருத்தியின் வாயைக் கட்டிவிட்டதுதான் அதன் கோளாறு.

இதன் ஊற்று எங்கே என்பதும் தெரிந்ததுதான். 2004இல் டெக்சாஸில் தொடங்கிய ‘ஃபார்ட்டி டேஸ் ஃபார் லைஃப்’ இயக்கம் கிளினிக் வாசலில் நாற்பது நாள் முறைவைத்துப் பிரார்த்தனை செய்வதை உலகமெங்கும் கொண்டுபோனது. வாசலில் நிற்பவருக்கு அது கடவுளோடு பேசுவது. உள்ளே போகிறவளுக்கு யாரோ தன்னைப் பார்த்துக்கொண்டு நிற்பது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 அக்டோபர் முதல் கிளினிக்கைச் சுற்றி 150 மீட்டர் எல்லை போட்டிருக்கிறார்கள். அதற்கு முன்பே, 2022இல், பர்மிங்காமில் வாய் திறக்காமல் பிரார்த்தித்த ஒரு பெண் கைதாகி, பிறகு வழக்கு விலக்கப்பட்டது. மனசுக்குள் கும்பிடுவதற்குக் கைது என்பது எனக்கும் உவப்பில்லை. ஆனால் அந்த இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்த பிரார்த்தனை மனசுக்குள் மட்டும் இல்லை, அதுவும் உண்மை.

தோட்டத்து வேண்டுதல் வேறு மாதிரி. “ஆத்தா, வயித்துப் புள்ளைய நல்லபடியா இறக்கி வச்சுடு, ஒனக்கு பொங்க வைக்கிறேன்” என்பது தன் வயிற்றுக்காகத் தானே, இல்லையென்றால் தன் மகள் வயிற்றுக்காக, போடும் ஒப்பந்தம். பலித்தால் கரும்பில் தொட்டில் கட்டிப் பிள்ளையைச் சுமந்து வருகிறார்கள். கடன் தீர்ந்தது. அடுத்த வீட்டுக்காரி என்ன முடிவு எடுத்தாள் என்பது இந்தக் கணக்கில் வராது.

இதை அழகாக்கிக் காட்டவும் எனக்கு விருப்பமில்லை. இதே வேண்டுதல்தான் பிள்ளையில்லாதவளை ஒவ்வொரு திருவிழாவிலும் சந்தியில் நிறுத்தியது, ஆண் பிள்ளைக்காக ஐந்தாவது ஆறாவது பிரசவத்துக்குத் தள்ளியது. “சாமி குடுத்தது, வேணாம்னு சொல்லலாமா?” என்ற கேள்விக்குத் தோட்டத்தில் பதில் சொல்ல முடிந்தவள் குறைவு. நம் தோட்டப்புறச் சிறுகதைகள் இந்த இடத்தைத் தொடுவதே அரிது. நாயகி மாரியம்மன் முன்னால் விழுந்து அழுவாள், கதை முடிந்துவிடும். என்ன கேட்டு அழுதாள் என்று எழுத்தாளர் காதில் வாங்குவதில்லை. இந்தப் பிள்ளை வேண்டாம் என்றுகூட அவள் கேட்டிருக்கலாமே?

சட்டம் அவளுக்கு முற்றாகக் கதவடைக்கவும் இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழியில் வந்த நம் 312ஆம் பிரிவு 1989இல் திருத்தப்பட்டது. கர்ப்பம் தொடர்ந்தால் தாயின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ கலைப்பதைவிட அதிக ஆபத்து என்று பதிவுபெற்ற மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதினால் கலைக்கலாம். தோட்டத்துக்கு இந்தச் செய்தியைக் கொண்டுபோக யாரும் ஃபார்வர்ட் எழுதுவதில்லை.

கருவின் மேல் அத்தனை அக்கறை என்றால் பேச இன்னொரு விஷயமும் உண்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபிறகு மருந்தடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது. முதுகில் பம்பு, உள்ளே பாராகுவாட். சூலியும் அடித்தாள், பால் கொடுப்பவளும் அடித்தாள். நகம் கழன்றது, மூக்கில் ரத்தம் வந்தது. ஐரீன் பெர்னாண்டஸின் தெனாகானித்தா அமைப்பு இந்தப் பெண்களின் பாட்டை ஆய்வு செய்து 2002இல் வெளியிட்டது. அதே ஆண்டு அரசு தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது. முழுத் தடை 2020 ஜனவரியில்தான் வந்தது. இடையில் போன ஆண்டுகளில் அந்த வயிறுகளுக்காக எந்த ஆபீஸ் வாசலில் யார் நாற்பது நாள் நின்றார்கள்?

சிசுவின் குரலில் எழுத விரும்புகிறவர்களுக்கு நான் வைக்கும் சவால் அங்கேதான். செம்பனை வரிசையில், முதுகில் பம்போடு நடக்கும் ஒருத்தியின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு கடிதம் எழுதிப் பார்க்கட்டும். அதை அம்மாவுக்கு அனுப்ப முடியாது, மேனேஜருக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.