முன்னத்தி ஏரின் தடம்: பனிக்காலச் சிகரமேற்றத்தை எப்படி ரசிப்பது?

மலையேற்றத்தில் ஆர்வம் கொண்டோர் பெரும்பாலும் உச்சியில் எடுத்த படத்தையே முதலில் தேடுகின்றனர். ஆனால் ஆழ்பனி மூடிய மலையில் ஏறுவதன் நுட்பத்தை உணர விரும்புபவர், பார்வையைச் சற்றுக் கீழே இறக்கி, உச்சிவரை நீளும் தடத்திலிருந்து தொடங்குவது நல்லது. கோடையில் ஆயத்தமாகக் கிடக்கும் ஒற்றையடிப் பாதை, குளிர்காலத்தில் ஒவ்வொரு பெரும் பனிப்பொழிவிலும் மறைந்துபோவதால், அதை யாராவது தம் கால்களாலேயே மீண்டும் போட்டாக வேண்டும். இவ்வுழைப்பையே மலையேறிகள் 'தடம் போடுதல்' என்னும் பொருளில் குறிப்பிடுகின்றனர். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் உள்ள அடிரோண்டாக் மலைத்தொடர், இதைப் புரிந்துகொள்வதற்கு ஏற்ற களமாகும்.

பட்டியலும் மரபும்

வரையறுத்த ஒரு பட்டியலில் உள்ள சிகரங்களை ஒன்றுவிடாமல் ஏறி முடிக்கும் வழக்கம் 'பீக் பேகிங்' எனப்படுகிறது. இதைச் சிகரம் சேர்த்தல் எனலாம். ராபர்ட் மார்ஷல், ஜார்ஜ் மார்ஷல் என்னும் சகோதரர்களும், அவர்களுடைய வழிகாட்டியான ஹெர்பர்ட் கிளார்க்கும் 1918 முதல் 1925 வரை இம்மலைகளில் ஏறியதிலிருந்து, 4,000 அடி (சுமார் 1,219 மீட்டர்) உயரத்தை எட்டியவை எனக் கருதப்பட்ட 46 சிகரங்களின் பட்டியல் உருவானது. பிந்தைய நில அளவைகள், அவற்றுள் பிளேக், கிளிஃப், நை, கூக்சக்ராகா ஆகிய நான்கும் அவ்வுயரத்தைத் தொடவில்லை எனக் காட்டியபோதும் பட்டியல் திருத்தப்படவில்லை. முன்னோர் ஏறியவற்றையே தாமும் ஏறுவது என்னும் எண்ணம் அளவுகோலை வென்றுவிட்டது என்பதை அறிந்தவருக்கு, 3,820 அடியே உள்ள கூக்சக்ராகாவுக்காக ஒருவர் நாள் முழுவதும் பனியில் உழல்வது வெறும் பிடிவாதமாகத் தோன்றாது.

1937-இல் 46 சிகரங்களையும் ஏறி முடித்த முதல் பெண்மணியான கிரேஸ் ஹுடவால்ஸ்கி, பின்னர் பல பதிற்றாண்டுகள் இச்சிகரங்களை ஏறி முடித்தோர் சங்கத்தின் வரலாற்றாளராக இருந்து, ஏறியவர்கள் எழுதிய கடிதங்களுக்கு விடை எழுதிவந்தார். பட்டியலின் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு நாளின் கதை இருக்க வேண்டும் என்னும் மரபை வளர்த்தவர் அவர். ஈஸ்ட் டிக்ஸ் என்றிருந்த சிகரம் 2014-இல் அவர் நினைவாக கிரேஸ் சிகரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இதே 46 சிகரங்களையும் குளிர்காலத்திலேயே ஏறி முடிப்பது தனித்த தகுதியாக மதிக்கப்படுகிறது. மிக உயர்ந்த மார்சி சிகரமே 5,344 அடிதான் (1,629 மீட்டர்) என்பதால், இங்கே சோதனை உயரத்தில் இல்லை. பனியின் ஆழத்திலும் குளிரிலும் பகற்பொழுதின் குறுக்கத்திலும் இருக்கிறது.

ஓர் எட்டுக்குள் நடப்பது

தடம் போடுதலை ரசிக்கும் பயிற்சி, ஒரே ஓர் எட்டை நெருங்கிப் பார்ப்பதில் தொடங்குகிறது. புதுப்பனி பெரும்பாலும் காற்றால் நிறைந்த பஞ்சுப்பொதி போன்றது. வெறும் காலணியோடு மிதிப்பவரின் கால் முழங்கால் வரையிலோ தொடை வரையிலோ புதைந்து, வேலிக்கால் நடத் தோண்டியது போன்ற குழியை விட்டுச்செல்கிறது. இக்குழிகள் இரவில் உறைந்து, பின்னால் வருவோரின் கணுக்காலைப் பதம் பார்ப்பதால், மலையேறிகளிடையே இவை பெரும் குற்றமாகவே கருதப்படுகின்றன. அடிரோண்டாக்கின் உயர்சிகரக் காட்டுப்பகுதியில் பனி எட்டு அங்குலத்தை எட்டினால் ஸ்னோஷூ அல்லது பனிச்சறுக்குக் கட்டை அணிவது கட்டாயம் என விதியே உண்டு. ஸ்னோஷூ என்பது வட அமெரிக்கத் தொல்குடிகள் மரச்சட்டத்தில் தோல்வார் பின்னி உருவாக்கிய அகன்ற மிதியடி. அது உடலின் எடையைக் காலணியைவிடப் பல மடங்கு பரப்பில் பகிர்ந்தளித்து, புதைவதைக் குறைக்கிறதே தவிர முற்றிலும் தடுப்பதில்லை.

எனவே முதலில் செல்பவர் ஒவ்வோர் எட்டிலும் காலைப் பனிக்கு மேலே உயர்த்தி, முன்னே வைத்து, அழுத்தி, பனி இறுகித் தாங்கும்வரை ஒரு கணம் பொறுத்து, அதன் பின்னரே முழு எடையையும் அதன்மீது மாற்றுகிறார். அந்த ஒரு கணப் பொறுமையில் தேர்ச்சி தெரிகிறது. அவசரப்படுபவர் தாம் கட்டிய படியைத் தாமே இடித்துவிடுவார். மிதிபட்ட பனித்துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் மெல்ல ஒட்டிக்கொண்டு, சில மணி நேரத்தில் கெட்டித்தளமாகின்றன. ஒரு குழு முழுநாள் போராடிப் போட்ட தடத்தில் மறுநாள் காலையில் வருபவர் விறுவிறுவென ஏறுவது இதனால்தான்.

தடத்தைப் படித்தல்

46 சிகரங்களுள் ஏறத்தாழ 20-க்கு அடையாளமிடப்பட்ட அதிகாரபூர்வப் பாதை கிடையாது. கோடையில் ஏறியவர்களின் கால்பட்டுத் தேய்ந்த தடமே வழி, அதுவும் பனியில் மறைந்துவிடும். அடையாளம் உள்ள பாதைகளிலும், மரத்தில் ஆணியடித்த வில்லைகள், பனி உயர உயர முழங்கால் மட்டத்துக்கு இறங்கி, சில இடங்களில் புதைந்தும் போகின்றன. இதை மனத்தில் கொண்டு ஒரு தடத்தைப் பார்ப்பவருக்கு, அதன் ஒவ்வொரு வளைவும் ஒரு முடிவாகத் தெரியும்: வீழ்ந்த மரத்தைச் சுற்றியது, பள்ளம் எனச் சந்தேகித்து விலகியது, பத்தடி சென்று தவறென உணர்ந்து திரும்பியது.

விலகிச் சென்றதற்குப் பெரும்பாலும் 'ஸ்ப்ரூஸ் பொறி' காரணமாக இருக்கும். அடர்ந்த ஸ்ப்ரூஸ், ஃபர் மரக்கன்றுகளின் கிளைகள் பனியைக் குடைபோலத் தாங்கிக்கொள்வதால், அடியில் வெற்றிடம் உண்டாகிறது. மேலே சமதளம் போல் தோன்றும் அவ்விடத்தில் கால் வைப்பவர் இடுப்பளவோ மார்பளவோ கீழே இறங்கிவிட, அவருடைய ஸ்னோஷூ கிளைகளுக்கடியில் சிக்கிக்கொள்கிறது. மர எல்லையைக் கடந்தபின் காட்சி மாறுகிறது. காற்று பனியை வாரிச் சென்று பாறையையும் பனிக்கட்டியையும் வெளிப்படுத்த, முகில் துளிகள் பட்டவுடன் உறைந்த வெண்படலம் எங்கும் படர்ந்திருக்கிறது. இறகு வடிவில் வளரும் இப்படலம் காற்று வந்த திசையை நோக்கியே நீளும் என்பதை அறிந்தவர், முந்தைய இரவின் காற்றை அதிலிருந்தே கண்டறியலாம்.

வரிசையின் ஒழுங்கு

உழவில் முதலில் செல்லும் ஏரை முன்னத்தி ஏர் என்பது தமிழ் வழக்கு. அதன் சாலையொட்டியே மற்ற ஏர்கள் வருவதுபோல, பனியில் முதலாமவரின் எட்டிலேயே ஏனையோர் எட்டு வைக்கின்றனர். ஆகவே வரிசையில் குட்டையானவருக்கும் எட்டும் இடைவெளியில் அடிவைப்பது முதலாமவரின் கடமை. ஆனால் இம்முன்னத்தி ஏர் நிலையானதன்று. மூச்சு வாங்கத் தொடங்கியதும் முதலாமவர் ஒதுங்கி நின்று, அனைவரும் கடந்தபின் கடைசியில் சேர்ந்துகொள்ள, இரண்டாமவர் அவ்விடத்தை ஏற்கிறார். ஏறும் குழுவின் படத்தில் முன்னால் இருப்பவர் மெல்லிய உடையோடும், இறுதியில் இருப்பவர் கனத்த மேலங்கியோடும் காணப்படுவது இம்மாற்றத்தின் தடயமாகும். கடுங்குளிரில் வியர்வையால் நனைந்த உடை உடலின் வெப்பத்தை விரைந்து இழக்கச் செய்வதால், வியர்க்காத வேகத்தில் நடப்பதும் வேளையறிந்து உடையைக் களைவதும் இங்கே திறமையாக மதிக்கப்படுகின்றன. தண்ணீர் மேற்பரப்பிலிருந்தே உறையும் என்பதால் பையில் குப்பியைத் தலைகீழாக வைப்பது போன்ற சிறு வழக்கங்களும் கவனித்து மகிழத்தக்கவை.

இவ்வொழுங்கின் உச்சம், திரும்பி வரத் துணிவதில் இருக்கிறது. குறித்த நேரத்துக்குள் உச்சியை எட்டாத குழு, அரை மைல் எஞ்சியிருந்தாலும் இறங்கிவிடுகிறது. அவர்களுடைய பட்டியலில் எதுவும் கூடுவதில்லை. அடுத்த நாள் அத்தடத்தில் ஏறி, எஞ்சிய அரை மைலை மட்டும் புதிதாகப் போட்டவரின் பட்டியலில் ஓர் எண் கூடுகிறது. சேர்த்தல் தனியொருவருடையது, தடமோ பலருடையது என்னும் இம்முரணை உணர்வதே இவ்விளையாட்டை முழுமையாக ரசிப்பதாகும்.

அதற்கான சான்றைக் காணக் குளிர்காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். வசந்தத்தில் இருபுறமும் மென்பனி உருகி வடிந்தபின், பலர் மிதித்து இறுகிய தடம் மட்டும் உருகாமல், காட்டுக்குள் வரப்பைப்போல் உயர்ந்து நிற்கிறது. வழுக்கும் அந்தக் குறுகிய வரப்பின்மேல் ஏப்ரலில் தடுமாறி நடப்பவரின் கால்களுக்கடியில், உச்சியைத் தொட்டவர்களின் எட்டுகளும் பாதியில் திரும்பியவர்களின் எட்டுகளும் பிரித்தறிய முடியாதபடி ஒரே கட்டியாகக் கிடக்கின்றன.