ரிப்பனோடு இருந்த அட்டை

ரிப்பன் முதலில் இளஞ்சிவப்பாக இல்லை. 1990களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் சார்லட் ஹேலி என்கிற வயதான பெண், வீட்டு மேசையில் உட்கார்ந்து பீச் பழ நிற ரிப்பன்களை மடித்து, அட்டைக்கு ஐந்தாகக் குத்தி ஊருக்குள் கொடுத்துவந்தார். அவருடைய பாட்டி, சகோதரி, மகள் மூவருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தது. அந்த அட்டை யாரிடமும் காசு கேட்கவில்லை. தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டு ஒதுக்கீடு 180 கோடி டாலர், நோய்த் தடுப்புக்குப் போவது அதில் 5 சதவீதம் மட்டுமே என்று கணக்குச் சொல்லி, சட்டம் இயற்றுபவர்களை எழுப்ப உதவுங்கள் என்றது.

1992இல் 'செல்ஃப்' இதழும் எஸ்டே லாடர் நிறுவனமும் அந்த ரிப்பனைக் கேட்டன. உங்களுடையது வியாபாரம் என்று ஹேலி மறுத்துவிட்டார். அவர்கள் வழக்கறிஞர்களைக் கலந்துகொண்டு நிறத்தை மாற்றினார்கள். நிறத்தோடு அட்டையும் போனது என்பதுதான் என்னை உறுத்துகிறது. பணம் எங்கே போகிறது என்று கேட்ட ரிப்பன், பணம் வாங்கும் ரிப்பனாயிற்று.

2010இல் கேஎஃப்சி இளஞ்சிவப்பு வாளியில் கோழி விற்றது. வாளிக்கு 50 சென்ட் சூசன் கோமன் அமைப்புக்கு. அந்தப் பணத்தைக் கடைக்காரர்கள் ஏற்கெனவே செலுத்திவிட்டார்கள், நீங்கள் வாங்குவதால் நன்கொடை நேரடியாகக் கூடாது என்பது பொடி எழுத்தில் இருந்தது. பொரித்த கோழிக்கும் பெண் உடல்நலத்துக்கும் என்ன உறவு என்பதை விட்டுவிடலாம்.

இதுவாவது சட்டத்துக்கு உட்பட்டது. 2015இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமும் 50 மாநிலங்களும் சேர்ந்து நான்கு புற்றுநோய் அறக்கட்டளைகள்மீது வழக்குப் போட்டன. ஒன்றின் பெயரே மார்பகப் புற்றுநோய்ச் சங்கம். 2008 முதல் 2012 வரை அவை திரட்டியது 18 கோடியே 70 லட்சம் டாலருக்கும் மேல். தொலைபேசியில் பணம் கேட்கும் நிறுவனங்கள் பல சமயம் டாலருக்கு 85 சென்டோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டன. மிஞ்சியது கார், கப்பல் பயணம், கல்லூரிக் கட்டணம் என்று நடத்தியவர்களின் குடும்பத்துக்குள்ளேயே சுற்றியது என்றது குற்றச்சாட்டு. வலி நிவாரணி தருகிறோம், கீமோதெரபிக்குக் கூட்டிப்போகிறோம் என்று சொல்லித்தான் கேட்டார்கள்.

இந்த வார்த்தைகள் ஏன் செல்லுபடியாகின்றன? நோயாளியைப் பராமரிப்பது பெண்ணின் கடமை என்று பழக்கப்பட்ட மனத்துக்கு, இல்லை என்று சொல்வதே குற்ற உணர்வைத் தருகிறது. கணக்குக் கேட்டால் கல் நெஞ்சக்காரி. அடுப்படிச் செலவில் ஐந்து ரூபாய்க்கும் பதில் சொல்ல வேண்டிய பெண்கள்தான், தானத்தில் மட்டும் கணக்குக் கேட்கக் கூடாதவர்களாகிறார்கள்.

லியா பூல் 2011இல் எடுத்த 'பிங்க் ரிப்பன்ஸ், இன்க்.' ஆவணப்படத்தில் நான்காம் கட்ட நோயோடு வாழும் பெண்களின் குழு ஒன்று வருகிறது. நம்பிக்கை, வெற்றி என்று நடக்கும் ஊர்வலங்களில் தங்களுக்கு இடமில்லை என்கிறார்கள். படத்தில் நான் அதிகம் மதிப்பது இவர்களின் பேச்சைத்தான். சாகப்போகிறவளை வைத்து ரிப்பன் விற்க முடியாது என்பது அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

2002இல் தொடங்கிய 'திங்க் பிஃபோர் யூ பிங்க்' இயக்கம் சில கேள்விகளைக் கையில் கொடுத்தது. நான் தரும் விலையில் எவ்வளவு போகிறது? யாருக்கு, எந்த வேலைக்கு? இவ்வளவுதான் தருவோம் என்று உச்சவரம்பு உண்டா? விற்கிற பொருளே நோயைக் கூட்டுமா? ஹேலியின் அட்டையில் இருந்த கணக்கின் மிச்சம் இது.