முதல் டீக்கு முந்தைய அரை மணி நேரம்

கோல்ஃப் ஸ்விங் பார்வைக்கு நிதானமானது, உடம்புக்கு அப்படியல்ல. மேலே தூக்கிய மட்டை இறங்கிவந்து பந்தைத் தொடக் கால் விநாடியே ஆகிறது. அமெரிக்கத் தொழில்முறை வீரர்கள் டிரைவரை வீசும்போது மட்டைத் தலையின் வேகம் சராசரியாக மணிக்கு 180 கி.மீ.யைத் தாண்டுகிறது. இந்த வேகம் கையில் மட்டும் பிறப்பதில்லை. தோள் ஏறக்குறைய 90 பாகை திரும்ப, இடுப்பு அதில் பாதியளவே திரும்புகிறது. இரண்டுக்கும் நடுவே ஏறிய முறுக்கு, இறுக்கிய கயிறு அவிழ்வதுபோல் சட்டென்று விடுபடுவதில்தான் அடியின் வலு இருக்கிறது. அந்த முறுக்கில் பெரும்பங்கைத் தாங்குவது கீழ்முதுகும் அதைச் சுற்றிய தசைகளும். கோல்ஃப் ஆடுவோர் அதிகமாகக் காயப்படும் இடங்களில் முதன்மையானதும் கீழ்முதுகுதான்.

இவ்வளவு தெரிந்தும் வார்ம்-அப்பைப் பலர் சடங்காகவே முடித்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1,040 பேரைக் கவனித்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்குச் சற்று மேற்பட்டோரே ஏதோ ஒரு வகையில் உடலைத் தயார்செய்தார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் செய்தது, டீயில் நின்று காற்றில் மட்டையை நாலு முறை வீசியது மட்டுமே. ஜெர்மனியில் 703 பேரிடம் விசாரித்து 2003-இல் வெளியான ஆய்வு, 10 நிமிடமாவது வார்ம்-அப் செய்பவர்களின் காயங்கள் மற்றவர்களுடையதில் பாதிக்கும் குறைவு என்று கண்டது. ஆடுபவர்களே சொன்ன தகவல் என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் 10 நிமிடத்துக்கு இது பெரிய வித்தியாசம்.

தொடங்க வேண்டியது மட்டையோடு அல்ல, காலோடு. ஐந்து நிமிடம் வேகமாக நடந்து உடம்பு சூடான பிறகு இடுப்பு, முதுகு, தோள் என்று ஒவ்வொன்றாக அசைத்துச் சுழற்ற வேண்டும். ஒரே நிலையில் நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கும் பயிற்சியை ஆட்டத்துக்கு முன் தவிர்ப்பது நல்லது. அதைச் செய்த உடனே டிரைவரை வீசினால் மட்டை வேகமும் தூரமும் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஸ்பெயின் வீரர் மிகுவேல் ஆங்கெல் ஹிமெனெஸ் வாயில் சுருட்டோடு, முழங்கால்களைச் சேர்த்து வட்டமாகச் சுழற்றி, மட்டையை ஊன்றி இடுப்பை அசைக்கும் காட்சியைப் பலரும் வேடிக்கையாகவே பார்த்தார்கள். சுருட்டை விட்டுவிட்டுப் பார்த்தால், ஸ்விங்கில் வேலை செய்யும் மூட்டுகளை எல்லாம் அவர் வரிசையாக எழுப்பிக்கொண்டிருப்பது தெரியும். 2014 மே மாதம் ஸ்பெயின் ஓபனை வென்றபோது அவருக்கு வயது 50. ஐரோப்பியத் தொடரில் வென்றவர்களிலேயே மூத்தவர் ஆனார்.

அதன் பிறகே பந்து. வெட்ஜில் அரை ஸ்விங், பின்னர் நடுத்தர அயர்ன், கடைசியில் டிரைவர். 30, 40 பந்துகள் தாராளம். இங்கேதான் பலர் தடம் மாறுகிறார்கள்: பந்து வலப்பக்கம் வளைந்தால் பிடியை மாற்றுவது, நிற்கும் விதத்தைத் திருத்துவது என்று ரேஞ்சிலேயே பயிற்சி வகுப்பு தொடங்கிவிடுகிறது. அது வேறு நாளுக்கான வேலை. இன்று பந்து வலப்பக்கம் போகிறது என்றால், அதற்கேற்ப இலக்கைச் சற்று இடப்பக்கம் வைத்து ஆடப் போகலாம். பட்டிங் கிரீனிலும் முதலில் தூரத்திலிருந்து உருட்டி அன்றைய புல்லின் வேகத்தை அறிந்துகொள்வதே முக்கியம்.

இத்தனையும் செய்தாலும் பலன் அதிக நேரம் நிற்காது. சும்மா நின்றால் கால் மணி நேரத்திலேயே தசையின் சூடு இறங்கிவிடுகிறது. 2015 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் டோரி பைன்ஸில் டைகர் வுட்ஸுக்கு நேர்ந்தது இதுதான். முதுகு அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. நன்றாகவே வார்ம்-அப் செய்திருந்தார். மூடுபனியால் ஆட்டம் தள்ளிப்போனது. குளிரில் நின்றதில் பிட்டத் தசைகள் ஒத்துழைக்க மறுத்து, சுமை கீழ்முதுகுக்குப் போனதாக அவரே விளக்கினார். 11 குழிகளோடு விலகினார். அந்த விளக்கத்தை அன்று பலர் கேலி செய்தார்கள். ஆனால் அது உடல் இயங்கும் விதத்தைச் சரியாகச் சொன்ன விளக்கம்.

எதிர்ச்சான்றாக ரோரி மெக்கில்ராயைக் காட்டுவார்கள். 2012 ரைடர் கோப்பையின் கடைசி நாளில் நேரத்தைக் குழப்பிக்கொண்டு, போலீஸ் காரில் மெடினா மைதானத்துக்கு ஓடிவந்தார்; ரேஞ்சுக்குப் போக நேரமில்லை. ஆனாலும் கீகன் பிராட்லியை வென்றார். அவருக்கு அப்போது வயது 23, உலகின் முதல்நிலை வீரர். அலுவலக நாற்காலியில் வாரம் முழுக்க உட்கார்ந்திருக்கும் நாற்பது வயதுக்காரருக்கு அது முன்மாதிரி ஆகாது.

விதிகளும் கணக்கில் வர வேண்டும். ஸ்ட்ரோக் பிளேயில், ஆட்டத்துக்கு முன் அன்று அதே மைதானத்தில் பந்தடித்துப் பயிற்சி செய்யக் கூடாது. ஒதுக்கப்பட்ட பயிற்சி இடங்களிலும் முதல் டீயை ஒட்டி பட்டிங், சிப்பிங்குக்கும் தடையில்லை. ஐந்து நிமிடத்துக்குள் தாமதமாக வந்தால் இரண்டு ஷாட் தண்டனை, அதற்கு மேல் தகுதிநீக்கம். ஒரு குழி முடிந்து அடுத்ததற்குக் காத்திருக்கையில், ஆட்டத்தைத் தாமதப்படுத்தாமல், முடித்த கிரீனிலோ அடுத்த டீயிலோ பட்டிங், சிப்பிங் செய்யலாம். பந்தைத் தொடாத ஒத்திகை வீச்சை விதிகள் பயிற்சியாகக் கருதுவதில்லை. ஆகவே முன்னால் போகும் குழு தேங்கி நிற்கும் இடங்களில் உட்காராமல் நடப்பதும், இடுப்பைச் சுழற்றுவதும், டிரைவரை இரண்டு முறை மெதுவாக வீசிப் பார்ப்பதும் முழுக்க அனுமதிக்கப்பட்டவை.