சாவச்சமும் சாதிப் பெருமையும்

விசைத்தறி ஓசை ஓயாத பள்ளிபாளையத்தை அடுத்து, இருப்புப்பாதையில் 2015 சூன் மாதம் கோகுல்ராஜ் என்னும் தலித் இளைஞர் பிணமாகக் கிடந்தார். வேறு சாதியைச் சேர்ந்த கல்லூரித் தோழியுடன் திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் பேசிக்கொண்டிருந்ததே அவர் செய்த 'குற்றம்'. 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இதே வட்டாரத்தவரான பெருமாள்முருகன், அக்கொலைக்கு ஈராண்டு முன்னரே 'பூக்குழி' நாவலைத் தந்திருந்தார். அதனை மீண்டும் படிக்கையில் நம்முள் ஒரு வினா எழுகிறது: இத்துணை வெறி எங்கிருந்து பிறக்கிறது?

அமெரிக்க மானிடவியலார் எர்னெஸ்ட் பெக்கர் 1973இல் ஒரு விடை தந்தார். தன் சாவை முன்னறிந்த மனிதன், அவ்வச்சத்தைத் தாங்குவதற்காகத் தனக்குப் பின்னும் நிலைக்கும் ஒன்றைப் பற்றிக்கொள்கிறான். அதில் தனக்கும் ஓர் இடமுண்டு என்னும் நிறைவே அவனது தன்மதிப்பு. உளவியலார் சிலர் இதனைச் சோதித்தனர். 1998இல் வெளியான ஆய்வொன்றில், தம் சாவை நினைக்கச் செய்யப்பட்டோர், தம் அரசியல் கருத்தைப் பழித்தவர் உண்பதற்கென மிளகாய்ச் சாற்றை மிகுதியாக அளந்து வைத்தனர்.

நாவலில், சரோஜாவை மணந்து குமரேசன் ஊர் திரும்புகிறான். மகன் உயிரோடு முன்னே நிற்க, தாய் மாராயி இழவு விழுந்தாற்போல் புலம்புகிறாள். திருவிழா தீட்டாகுமென ஊர் அவர்களை விலக்கி வைக்கிறது. இறுதியில், சரோஜா ஒளிந்த புதருக்குத் தீ வைக்கப்படுகிறது. குலம் அழிந்தால் தாமும் அழிந்தோம் என்று நம்புவோர் மூட்டிய தீ அது.

ஆயினும் பெக்கரின் விடை முழுமையானதன்று. 21 ஆய்வுக்கூடங்கள் இணைந்து நடத்தி 2022இல் வெளியிட்ட மறுசோதனையில், சாவு நினைவு தம் கொள்கைப் பற்றை மிகுவிக்கும் என்னும் விளைவு தென்படவில்லை. மேலும், சாவை அஞ்சாதார் யார்? அஞ்சுவோர் எல்லாரும் கொலை செய்வதில்லை. நிலமும் அதிகாரமும் பெண்ணை உடைமையாகக் கருதும் வழக்கமும் அத்தீக்கு விறகாகின்றன. நாவலாசிரியர் இதனை உணர்ந்தவர். அவர் படைத்த ஊரார் அரக்கர்கள் அல்லர். நம்மைப் போன்ற எளிய மனிதர்கள். நாவலின் வலிமை அதுவே. நம்மை உறுத்துவதும் அதுவே.

தமிழகத்தில் நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றிலும் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிச் சுவர் எழுப்பப்பட்டதை நாம் அறிவோம். உயிர்த்தெழுதலை அறிக்கையிடும் நாம், எதற்கு அஞ்சி அச்சுவரை எழுப்பினோம்?