விருப்பமிருந்தால் நிரப்பவும்

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ நாவலில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: இந்தப் பெண் என்ன சாதி? தோலூரிலிருந்து காதலித்துக் கூட்டிவந்த சரோஜாவோடு குமரேசன் தன் பாறைமேட்டு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, அம்மா மாராயி தொடங்கி ஊர்ப் பெரியவர்கள் வரை எல்லோரும் அதையே கேட்கிறார்கள். நம்ம சாதிதான் என்று குமரேசன் சமாளிக்கிறான். ஊர் நம்பவில்லை. அவள் நிறத்தைப் பார்க்கிறது, துருவுகிறது, விவரம் தெரியும்வரை ஒதுக்கிவைக்கிறது. கடைசியில் அவள் ஒளிந்திருக்கும் முட்புதருக்குத் தீ வைக்கிறது.

இத்தனைக்கும் நாவலில் எந்தச் சாதியின் பெயரும் கிடையாது. சரோஜா இன்ன சாதி என்று தெரிந்துகொண்டா கொளுத்தினார்கள்? இல்லை. தங்கள் ஆள் இல்லை என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. 2013-ல் வெளிவந்த இந்த நாவலைப் பெருமாள்முருகன் தருமபுரி இளவரசனுக்குச் சமர்ப்பித்திருக்கிறார். இளவரசனின் சாதிமறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. 2013 ஜூலை 4 அன்று அவர் தருமபுரி ரயில் பாதை அருகே இறந்துகிடந்தார்.

இந்த நாவலுக்குப் பக்கத்தில் இன்னொரு வகை எழுத்தை வைத்துப் படித்துப் பார்க்கலாம். ஹெச்.ஆர். துறை அனுப்பும் பன்முகத்தன்மைப் படிவமும் அதோடு வரும் மெயிலும். பாலினம், மாற்றுத்திறன், பாலின ஈர்ப்பு, சில நாடுகளில் இனம். உங்களைப் பற்றிச் சொன்னால்தான் எல்லோருக்குமான ஆபீஸை உருவாக்க முடியும், பெயர் வெளியே வராது, விருப்பமிருந்தால் நிரப்பவும். தொனி இனிமையானது. ஆனால் இந்த எழுத்தில் பிரச்சினை எப்போதுமே ஊழியரிடம்தான் இருக்கிறது. அவர் தயங்குகிறார், அவரை ஊக்குவிக்க வேண்டும், தலைவர் ஒரு வீடியோவில் பேச வேண்டும், மூன்று முறை நினைவூட்ட வேண்டும். அந்தத் தயக்கம் ஒருவேளை அனுபவத்தில் வந்த அறிவாக இருக்குமோ என்ற சந்தேகம் அந்த மெயில்களுக்கு வருவதே இல்லை.

அப்படியானால் எதையும் கேட்காமலே விட்டுவிடலாமா? அதுவும் சரியில்லை. எண்ணாமல் இடஒதுக்கீடு வந்திருக்காது. பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்களிடம் செபி கேட்கும் ஆண்டறிக்கையில் பெண்கள், மாற்றுத்திறனாளிகள் எண்ணிக்கை உண்டு. சாதிவாரி எண்ணிக்கை கிடையாது. எண்ணிக்கையே இல்லாததால்தான் ‘எங்க ஆபீஸ்ல சாதியெல்லாம் பாக்கறதில்ல’ என்று சுலபமாகச் சொல்லிவிட முடிகிறது.

பார்க்கத்தான் செய்கிறார்கள். வேறு வழியில் பார்க்கிறார்கள். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு தமிழர்கள் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதை மெல்ல மெல்ல விட்டோம். பெரிய சாதனைதான். ஆனால் கேள்வி வேறு இடத்துக்குப் போய்விட்டது. ‘நீங்க எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?’ தருமபுரி மாவட்டத்துப் பையனின் முகவரியில் ‘காலனி’ என்று இருந்தால் அடுத்த கேள்விக்குத் தேவையே இல்லை. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாகத் தமிழக அரசு அறிவித்ததே 2025 ஏப்ரலில்தான். ஆக, மௌனமும் பாதுகாப்பு தருவதில்லை. குமரேசனின் பொய் சரோஜாவைக் காப்பாற்றவில்லை.

சொல்லிவிட்டால் மட்டும்? 2020 ஜூன் 30 அன்று கலிபோர்னியா மாநில அரசுத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் அதன் இரு மேலாளர்கள் மீதும் ஒரு தலித் பொறியாளருக்காக வழக்குப் போட்டது. அவர் இடஒதுக்கீட்டில் ஐ.ஐ.டி.க்கு வந்தவர் என்பதை மேலாளர் சக ஊழியர்களிடம் சொல்லிவிட்டார் என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. அதைப் பற்றி அவர் முறையிட்டபோது, சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் அல்ல என்று நிறுவனத்துக்குள்ளேயே பதில் வந்தது என்பது இன்னொன்று. சிஸ்கோ மறுத்தது. மேலாளர்கள் மீதான வழக்கை மாநிலமே 2023 ஏப்ரலில் திரும்பப் பெற்றது. ஆகவே இதை நிரூபிக்கப்பட்ட குற்றமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் புகாரின் அமைப்பைக் கவனியுங்கள். தகவல் அவருடையது. சொன்னவர் வேறொருவர். அது வெளியே போனபின் அவரைக் காக்க ஒரு விதிகூட இல்லை. அங்கே படிவத்தில் இன்னொரு கட்டம் சேர்த்திருந்தால் என்ன மாறியிருக்கும்?

எனவே முதலில் விதி, பிறகுதான் கேள்வி. ஆப்பிள் 2020-ல் தன் ஊழியர் நடத்தை விதிகளில் சாதியைச் சேர்த்தது. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் அதைச் சட்டமாகவே ஆக்கியது. நம் நாட்டில் 2019 தரவுப் பாதுகாப்பு மசோதாவில் சாதி, பழங்குடி விவரங்கள் தனிக் கவனம் தேவைப்படும் தகவல் பட்டியலில் இருந்தன. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அப்படி ஒரு பட்டியலே இல்லை.

பெயர் வெளியே வராது என்ற வாக்குறுதியையும் கொஞ்சம் தட்டிப் பார்க்கணும். 1,000 பேர் இருக்கும் கிளையில் ‘40’ என்பது எண்ணிக்கை. பத்துப் பேர் டீமில் ‘1’ என்று வந்தால் அது எண்ணிக்கை இல்லை, ஓர் ஆள். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் அவர்களில் பலர் ‘சொல்ல விரும்பவில்லை’ என்பதை அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார்கள்.

ஊழியரை ஊக்குவிப்பதற்கு முன் கேட்பவர் தன் பக்கத்தை நிரப்பட்டும். இந்தத் தகவலை யார் பார்ப்பார்கள், பார்த்ததற்குப் பதிவு இருக்குமா, எவ்வளவு சிறிய குழுவுக்குமேல் எண்ணை வெளியிட மாட்டீர்கள், எப்போது அழிப்பீர்கள், மேலாளர் இதை வெளியே பேசினால் அவருக்கு என்ன ஆகும். மேலே இருப்பவர்களும் தங்கள் சாதியை அதே படிவத்தில் எழுதட்டும். சாதி என்பது கீழே இருப்பவர்களுக்கு மட்டும் இருக்கும் ஒன்று அல்லவே.

‘பூக்குழி’யில் இதைத்தான் பெருமாள்முருகன் காட்டுகிறார் என்று படுகிறது. ஊருக்குக் கேட்கும் உரிமை இருந்தது. கேட்டதற்காகவும் கேட்டபின் செய்ததற்காகவும் யாரிடமும் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் ஊருக்கு இல்லை. சரோஜா உண்மையைச் சொல்லியிருந்தாலும் புதர் எரிந்திருக்கும்.