சாம்பல் நிறத்தின் நடுநிலை

இல்லத்தின் உட்புறத்தை அழகுசெய்வோர் பலர் இந்நாளில் சாம்பல் நிறத்தையே பெரிதும் நாடுகின்றனர். சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளிலும் மலேசியாவின் வரிசை வீடுகளிலும் சுவர், தரை, திரைச்சீலை, நாற்காலி என யாவும் இந்நிறம் பூண்டு நிற்பதைக் காணலாம். இது நடுநிலை நிறம், எதனோடும் பொருந்தும் என்பதே அவர்கள் கூறும் காரணம். இக்கூற்று ஆய்வுக்குரியது.

வெள்ளையும் கறுப்பும் போலவே சாம்பலும் சாயலற்ற நிறம் என்பது உண்மையே. ஆயினும் கண் எந்த நிறத்தையும் தனித்துக் காண்பதில்லை. பாரிசு நகரின் கோபெலின் நெசவாலையில் 1824ஆம் ஆண்டு சாயப்பகுதியின் தலைமையை ஏற்றவர் செவ்ரெல் என்னும் வேதியியல் அறிஞர். நீலத்தையும் ஊதாவையும் அடுத்து நெய்யப்பட்ட கறுப்பு மங்கித் தோன்றுகிறது என்னும் குறை அங்கு எழுந்தது. சாயத்தில் பழுதில்லை, அருகிருந்த நிறங்களே கறுப்பை அவ்வாறு காட்டின என அவர் கண்டறிந்தார். 1839இல் வெளிவந்த அவருடைய நூல் இவ்வுண்மையை விரித்துரைத்தது.

இவ்விதி சாம்பல் நிறத்திற்கு மிகவும் பொருந்தும். சிவப்புக் கம்பளத்தின் அருகே அது பசுமை கலந்து தோன்றும். மஞ்சள் மெத்தையின் அருகே நீலச்சாயல் கொள்ளும். ஒளி மாறினாலும் அது மாறும். காலை வெயிலில் இதமாக இருந்த சுவர், மழைமேகம் சூழ்ந்த பிற்பகலில் சோர்ந்து காணும். முன்னும் பின்னும் மட்டுமே சன்னல் உள்ள வரிசை வீட்டின் நடு அறையிலோ பகலிலும் இருள் சேர்க்கும். கடையிலுள்ள வண்ண அட்டையை மட்டும் நம்பி நிறம் தேர்வோர் ஏமாற்றமடைவது இதனாலேயே. சுவரின் ஒரு பகுதியில் பூசி, காலை, மாலை, விளக்கொளி ஆகிய முப்பொழுதும் பார்த்துத் தெளிதலே தக்கது.

இந்நிறத்தின் சிறப்பும் ஈண்டுக் கூறத்தக்கது. மென்சாம்பல் சுவரின் முன்னே பித்தளைக் குத்துவிளக்கு ஒளிர்கிறது. தேக்குமரப் பேழையின் செம்மை துலங்குகிறது. தொட்டிச் செடியின் பசுமை கண்ணுக்கு விருந்தாகிறது. தான் பின்னின்று பிறவற்றை முன்னிறுத்துவதே அதன் பண்பு. முன்னிறுத்த ஏதுமின்றி எங்கும் சாம்பலே நிறையுமாயின் அப்பண்புக்கு வேலையில்லை.

கேடும் உண்டு. முதுமையில் ஒளிவேறுபாட்டை உணரும் கண்ணின் ஆற்றல் குறைகிறது. தரையும் படியும் ஒரே சாம்பலாயின் படியின் விளிம்பு முதியோர்க்குப் புலப்படாது, கால் இடறும். தாத்தாவும் பாட்டியும் உடன் வாழும் இல்லத்தில் அழகின்பொருட்டு இதனை மறத்தல் தகாது. படியின் விளிம்பில் மாறுபட்ட நிறத்தில் ஒரு பட்டை இட்டாலே போதும்.

வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். அந்நடுநிலை, உரியவர்க்கு உரியதை வழங்கும் அறமாகும். வீட்டுப் பொருள்களுக்கும் வீட்டில் வாழ்வார்க்கும் உரிய இடத்தை வழங்கும்போதே சாம்பல் நிறமும் நடுநிலை நிறம் என்னும் பெயருக்குத் தகுதி பெறும்.