பூனைக்குப் போடும் முன்

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காதே என்று சொல்லித்தான் நம்மைச் சந்தைக்கு அனுப்புவார்கள். சிவந்திருந்தால் கூடைக்குள், பழுப்பேறியிருந்தால் அடுத்த கடை. அந்த ஒரு நொடியோடு செவுளுக்கும் நமக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் அது பூனைக்கு. அடுத்த முறை பூனையைக் கால் மணி நேரம் காக்க வையுங்கள்.

சங்கரா வசதியான மீன். கடையில் ஆயக் கொடுக்காமல் முழுசாக வாங்கி வாருங்கள். செவுள் மூடியைத் தூக்கினால் பக்கத்துக்கு நான்கு வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஒரு வளைவின் இரு முனைகளையும் கத்தரிக்கோலால் நறுக்கி வெளியே எடுங்கள். தேய்க்காமல் அலசி, ஒரு தட்டில் வையுங்கள். பார்க்க ஒன்றுமே இருக்காது. ஈரச் சிவப்பில் ஒரு கட்டி, அவ்வளவுதான்.

இப்போது அதையே ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விடுங்கள். கட்டி அவிழும். வெள்ளை எலும்பு வளைவின் ஒரு பக்கம் குட்டைப் பற்கள், இரை வழுகி வெளியேறாமல் தடுக்க. மறுபக்கம் இரண்டு வரிசையாகச் சிவந்த இழைகள், பட்டுக் குஞ்சம் மாதிரி. பூதக்கண்ணாடி இருந்தால் ஓர் இழையை மட்டும் பாருங்கள். அதன் இரு முகத்திலும் மிக மெல்லிய தகடுகள், அப்பளத்தை அடுக்கியதுபோல நெருக்கமாக. மீனின் மூச்சு நடக்கும் இடம் அந்தத் தகடுகள்தான். மறுபடி வெளியே எடுங்கள். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பழைய கட்டியாகிவிடும்.

இந்த விரிதலையும் ஒட்டுதலையும் நாலைந்து முறை செய்து பார்க்கச் சொல்வேன். கரையில் போட்ட மீன் ஏன் துடித்துச் சாகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லி லிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி செல்சியஸ் வெயிலில் கிடக்கும் குளத்து நீரில், லிட்டருக்கு 5 மில்லி லிட்டர் சொச்சம்தான். கரைக்கு வந்த மீனைச் சுற்றி நாற்பது மடங்கு ஆக்சிஜன். ஆனால் வாங்கிக்கொள்ள விரித்த கை மடங்கிவிட்டது.

செவுள் ஆக்சிஜனை இழுப்பதில்லை. இதை மனதில் வாங்கிக்கொண்டால்தான் அதன் அழகு பிடிபடும். நுரையீரல் ஆக்சிஜனைத் தானாக முயன்று ரத்தத்துக்குள் தள்ளுகிறது என்று நூறு ஆண்டுகளுக்கு முன் பெரிய உடலியலாளர்களே நம்பினார்கள். டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர் அவர்களில் ஒருவர். அவருடைய மாணவர் ஆகஸ்ட் குரோ, தன் மனைவி மேரி குரோவோடு சேர்ந்து 1910-ல் அப்படியொன்றும் இல்லை என்று காட்டினார். அதிகம் இருக்கும் பக்கத்திலிருந்து குறைவாக இருக்கும் பக்கத்துக்கு வாயு தானே நகர்கிறது, நுரையீரல் வெறுமனே வழிவிடுகிறது. குருவை எதிர்த்து எழுத வேண்டியிருந்ததில் அவருக்கு எவ்வளவு சங்கடம் இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

செவுளும் அப்படித்தான். வேலை செய்யாத உறுப்பு, வடிவத்தாலேயே பிழைக்கிறது. பரப்பு விரிந்திருக்க வேண்டும், சுவர் மெல்லியதாக இருக்க வேண்டும், ஈரம் காயக் கூடாது. சந்தையில் நீங்கள் பார்க்கும் சிவப்பு சதையின் நிறமல்ல. அவ்வளவு மெல்லிய தோலுக்கு அடியில் ஓடும் ரத்தம். நேரமாக ஆக அதிலுள்ள இரும்பின் நிலை மாறிப் பழுப்பாகிறது. நம் அம்மாக்கள் பார்த்துவந்தது இதைத்தான்.

செத்த மீனில் காணமுடியாத ஒன்று, ஓட்டம். அதற்குக் கண்ணாடித் தொட்டி வேண்டும். வாய் திறக்கும்போது செவுள் மூடி மூடியிருக்கும். வாய் மூடும்போது அது திறக்கும். நம் மூச்சுபோல உள்ளே போய் அதே வழியில் திரும்புவதல்ல, ஒருவழிப் பாதை. தகடுகளுக்குள் ரத்தமோ நீருக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. இரண்டும் ஒரே பக்கம் ஓடினால் பாதி வழியிலேயே சமமாகி, பரிமாற்றம் நின்றுவிடும். எதிரும் புதிருமாக ஓடுவதால், ஓரளவு ஆக்சிஜன் சேர்த்துவிட்ட ரத்தத்துக்கும் எதிரே வரும் நீர் அதைவிடப் பணக்காரனாகவே இருக்கிறது. நீரிலுள்ள ஆக்சிஜனில் 80 சதவீதம் வரைகூட மீன்கள் எடுத்துவிடுவது இப்படித்தான். நாம் உள்ளிழுக்கும் ஆக்சிஜனில் கால்வாசியைத்தான் எடுக்கிறோம்.

சூரை வாங்கினால் அதன் செவுளைச் சங்கராவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இழைகள் எவ்வளவு நெருக்கம்! ரத்தத்துக்கும் நீருக்கும் நடுவிலுள்ள சுவர் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. சூரை வாயைத் திறந்தபடி நீந்திக்கொண்டே இருக்கும், அந்த வேகமே நீரைத் தள்ளிவிடும். நின்றால் மூச்சு நின்றது.

கடைசியாக ஏரிமீன் கடைக்குப் போங்கள். பிளாஸ்டிக் டப்பில் ஒரு சாண் தண்ணீரில் விரால் உயிரோடு கிடக்கும். பேரத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். தலைக்குள், செவுளுக்கு மேலே, ரத்த நாளங்கள் படர்ந்த ஓர் அறை இருக்கிறது. காற்று அங்கே போகிறது. செவுளுக்கு மிஞ்சியது பெரும்பாலும் கரியமில வாயுவை நீரில் விடும் வேலை. மேலே வரவிடாமல் தடுத்தால் விரால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

அதே டப்பின் மூலையில் பனையேறிக் கெண்டையும் இருக்கலாம். 1791-ல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட், ஒரு பனையில் தண்ணீருக்கு ஐந்தடி மேலே இந்த மீனைப் பிடித்ததாக எழுதி, அது 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வந்தது. பறவை தூக்கிப்போன மீனாக இருந்திருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். ஏறியதோ இல்லையோ, மழைநாளில் குளம் விட்டுக் குளம் தரையில் நகர்வதை ஊரில் பார்த்தவர்கள் உண்டு. முள்வைத்த செவுள் மூடியை இரு பக்கமும் விரித்து மண்ணில் ஊன்றி ஊன்றித்தான் அது போகும்.